"சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர்": புதுச்சேரியில் அமுதாவைத் தேடிய இரண்டு நாட்கள்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது அமுதாவுக்கு வெந்நீர் போட்டதுதான். ஊர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆற வைத்துப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். போர்வை மடித்து வைத்திருந்தது. பெட்டி இருந்தது. அவள் இல்லை.

அமுதா என் சித்தப்பா மகள். மலேசியாவில் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வயது முப்பத்தொன்பது, திருமணம் ஆகவில்லை. போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் முதல்முறையாக இந்தியா வந்தாள். சேலத்தில் என் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, கடல் பார்க்க வேண்டும் என்றாள். ரெட்டியார்பாளையத்தில் என் அண்ணன் வீடு இருப்பதால் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். சேலத்திலிருந்து விழுப்புரம் வழியாகப் பேருந்தில் ஆறு மணி நேரம் ஆனது. பேருந்து நிலையத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். மழைக்காலம் என்பதால் பேரம் படியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் அவள் பாஸ்போர்ட்டை வாங்கி, "எங்கனா தொலைச்சிடப் போற, பத்திரமா இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு எங்கள் குடும்பத்தில் எப்போதும் செய்கிற உபசாரம் அது. எனக்கும் தவறாகப் படவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மாலை, தவளக்குப்பத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஒருவர் 'சும்மா பார்த்துவிட்டுப் போக' வந்தார். மனைவியை இழந்தவர். அண்ணி அமுதாவுக்குத் தன் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டு, பூ வைத்து, போட்டோவும் எடுத்தபிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. எனக்கு முன்பே தெரியும்.

"அங்க சம்பளம் நம்ம பணத்துக்கு எவ்ளோ வரும்?" என்று அவர் கேட்டார்.

"எங்க ஊர்ல வெள்ளிக் கணக்கு லா. உங்களுக்கு அந்தக் கணக்கு சரியா வராது" என்றாள் அமுதா. மலேசியப் பணமான ரிங்கிட்டை அவர்கள் வெள்ளி என்பார்கள், பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பார்கள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் போனபின், "கௌரிக்கா, நாளைக்கு நான் தனியாப் போயி ஊரப் பாக்கறேன்" என்றாள். "தனியா எங்க போவ நீ?" என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சொன்னதை அதோடு மறந்தும் போனோம்.

ஞாயிறு முழுவதும் தேடினோம். கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். அதுவரை நடந்தே பார்த்தோம். பிறகு ஆட்டோவில். ஓட்டுநருக்கு இரண்டாவது சுற்றிலேயே அலுத்துவிட்டது.

"இன்னாக்கா, வூட்ல சண்டையா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"சண்டை இல்லாம யாருக்கா காலங்காத்தால காணாப் போவாங்க? கோச்சிக்கினு போனவங்க ரோட்டுலயா நின்னுக்கினு இருப்பாங்க? போய் ரூம் ரூமா பாருங்க."

பாஸ்போர்ட் இல்லாமல் யார் அறை கொடுப்பார்கள் என்று அண்ணன் அந்த யோசனையைத் தள்ளிவிட்டார்.

மதியம் காவல் நிலையம் போனோம். வெளிநாட்டுக்காரர் என்றதும் எஸ்.ஐ. நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாஸ்போர்ட் இருக்குதா?"

அண்ணன் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அவங்க பாஸ்போர்ட் உங்க கையில இன்னா பண்ணுது? நீங்க இன்னா ஏஜென்டா?"

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பெண் எந்த மனநிலையில் போனாள், கடைசியாக யாரைப் பார்த்தாள் என்று கேள்விகள் வரிசையாக வந்தன. பெயிண்ட் கடைக்காரரைப் பற்றி இருவருமே சொல்லவில்லை. அண்ணன் மெதுவாக, "கொஞ்சம் மெண்டல் மாதிரி சார்" என்றார். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அங்கிருந்து பகுதி கேபிள் டிவி அலுவலகத்துக்குப் போனோம். படத்தோடு 'காணவில்லை' என்று ஓடும் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாசகத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள் என்றார்கள்.

"மெண்டல்னு போடு கௌரி" என்றார் அண்ணன்.

"எதுக்குண்ணே இங்கயும்?"

"பின்ன? நாப்பது வயசாகப் போற பொம்பள ராத்திரி வூட்ல இல்லன்னா ஊர்ல இன்னா சொல்லுவான்? எவன் கூடவோ ஓடிட்டான்னுவான். மெண்டலுன்னா பாவம்னு போயிடுவான்."

படித்தவள் நான். அந்தச் சொல் கொச்சையாக இருக்கிறதே என்றுதான் யோசித்தேன். 'சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினேன். 'சற்று' நானாகச் சேர்த்தது. நாகரிகமாக எழுதிவிட்டதாக அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது. பட்டுப்புடவை போட்டோவைக் கொடுத்தோம்.

திங்கள் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அமுதா கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, அடையாள அட்டை கேட்காத ஒரு சின்ன விடுதியில் இருந்திருக்கிறாள். தன்னைத் தமிழ்நாட்டுக்காரியாகவே சொல்லி, என் சேலத்து முகவரியைக் கொடுத்து அறை எடுத்திருக்கிறாள். காலையில் டிவியில் அறிவிப்பைப் பார்த்த விடுதிக்காரர்கள், அவள் அறையை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் வரும்வரை ஒன்றரை மணி நேரம் கதவைத் தட்டியிருக்கிறாள். தட்டத் தட்ட அவர்களுக்குச் சந்தேகம் உறுதியாகியிருக்கிறது.

அவள் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனபோது பெண் காவலர் ஒருவர் அவளிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். "கத்தக் கூடாது, இன்னா? அம்மா டீ வாங்கித் தரேன். ஒன் பேரு சொல்லு பாக்கலாம்?"

"அமுதா. பதினஞ்சு வருசமா டீச்சர். எனக்கு டீ வேணாம், பாஸ்போர்ட் வேணும்."

அவள் விரல் மூட்டுகள் சிவந்திருந்தன. அழுதிருக்கவில்லை. எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அதை யாரு எழுதுனது?"

"கேபிள்காரனுங்க அவனுங்களா போட்டுட்டானுங்கம்மா" என்றார் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எஸ்.ஐ. தன்னிடம் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்தார். சென்னை விமான நிலையத்துக்கு டாக்சி இரண்டாயிரம் ரூபாய், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மூன்று மணி நேரம். நானும் கூட வருகிறேன் என்றேன். "வேணாங்க" என்றாள். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரிக்கு வெளிநாட்டு உறவினர்களை அழைத்துப்போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பரில் மழை, கடல் கொந்தளிப்பு, குடை அவசியம். வெளிநாட்டவருக்கு அறை எடுக்க பாஸ்போர்ட் வேண்டும். அது அவர்கள் கைப்பையிலேயே இருக்கட்டும், உங்கள் பீரோவில் வேண்டாம். தனியாகப் போக வேண்டும் என்று சொன்னால் வழியைச் சொல்லி அனுப்புங்கள். யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தால், எதற்கு என்று முதலில் அந்த உறவினரிடம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள்.

அறிவிப்பு மறுநாள் காலை வரைதான் ஓடியது. செய்தி அதற்குள் ஈப்போவுக்குப் போய்விட்டது. அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் நிறைய. பள்ளியில் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்கிறார்களாம். சித்தப்பா போனில் சொல்லி அழுதார். "டாக்டர் சர்டிபிகேட் கேக்கறாங்கம்மா, எம்பொண்ணுக்கு." இங்கே யாராவது விசாரித்தால் அண்ணன் இன்றும், "ஆமா, சின்ன வயசுலேருந்தே கொஞ்சம் அப்படித்தான்" என்கிறார். நான் பக்கத்திலேயே இருந்து கேட்டிருக்கிறேன். இரண்டு கடிதம் எழுதினேன், மன்னிப்புக் கேட்டு. தபாலில் போடவில்லை. இரண்டிலுமே எழுதியது யார் என்ற இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

இந்த வாரம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என்றாவது உதவும் என்று கணவரிடம் சொன்னேன். உண்மையில் ஈப்போவுக்குப் போகிறேன். அமுதா கதவைத் திறப்பாளா என்று தெரியாது. அவள் பள்ளித் தலைமையாசிரியரையும் அந்தப் பெற்றோரையும் பார்த்து, அது பொய், எழுதியவள் நான்தான் என்று சொல்வேன். அண்ணன் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். அதன்பிறகு ரெட்டியார்பாளையம் வீட்டில் எனக்கு இடம் இருக்காது. அண்ணன் வலைப்பூ எதுவும் படிப்பதில்லை. போய்ச் சேரும்வரை அவருக்குத் தெரியப்போவதில்லை.