செவ்வாய்க்கிழமைகளில் மூன்று பேர்

என் மகன் இதை எழுத வேண்டாம் என்கிறான். எழுதியே தீருவேன் என்றால், சாட்டில் பேசிப் பொழுது போக்கினேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறான். அந்த அம்மாளைப் பிடித்துப்போனதை விட்டுவிட வேண்டுமாம். அதை விட்டுவிட்டால் எழுத என்ன இருக்கிறது? அறுபது வயதில் எனக்கு ஒரு பெண்ணைப் பிடித்தது. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் திரையில் வந்த எழுத்துகளை வைத்துத்தான் பிடித்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. நான் வெட்கப்படுவது வேறு ஒன்றுக்கு.

அது 1999. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி இறந்து மூன்று வருடம். மகன் அமெரிக்காவில் இருந்தான். அவனுடைய மெயிலைப் படிக்க அக்ரஹாரத்தில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் என் நண்பர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் ரயில்வேயிலும் ஒருவர் வங்கியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இருவரும் என்னைப் போலவே மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பிளைவுட் தடுப்புக்குள் மூவரும் நெருக்கி உட்கார்ந்து, ஒரு தமிழ்ச் சாட் அறைக்குள் "மைசூர் சார்" என்ற ஒரே பெயரில் நுழைவோம். வயது அறுபது என்று போட்டோம். மூவருக்கும் அது பொருந்தியது.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான் என்பதால் கீபோர்டு என்னிடம். மற்ற இருவரும் படிக்கிற கண்ணாடியைக் கொண்டுவரவே மாட்டார்கள். ஆகவே வருவதை நான் உரக்கப் படிப்பேன், ரயில்வேக்காரர் பதில் சொல்வார், அந்தத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவேன். அப்படித்தான் பினாங்கில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்த அந்த அம்மாள் அறிமுகமானார். ஐம்பத்து மூன்று வயது, கணவரை இழந்தவர்.

"போடு மேஷ்ட்ரே, பினாங்குக் கொசு தமிழ்ல பாடுமா, மலாய்ல பாடுமான்னு கேளு," என்பார் ரயில்வேக்காரர். எங்கள் ஊரில் வாத்தியாருக்கு மேஷ்ட்ரு என்றுதான் பெயர்.

"சும்னே இரப்பா. அவங்க டீச்சர். மரியாதையா ஏதாவது கேளு," என்பார் வங்கிக்காரர்.

"ஏன், டீச்சரைக் கொசு கடிக்காதா?"

ஒரு வெள்ளிக்கிழமை காலை மகனின் மெயிலுக்காகத் தனியாகப் போனபோது அந்த அம்மாள் சாட் அறையில் இருந்தார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் காலைப் பலகாரத்துக்கு அப்படிச் சொல்வார்களாம். உப்புமா என்றேன். தினமும் அதுதான், வேறு எதுவும் எனக்குச் செய்ய வராது, அதையும் கரண்டியால் எடுக்க முடியாது, கத்தியால் வெட்ட வேண்டும் என்றேன். "அது சமையல் இல்லை லா, கொத்தனார் வேலை," என்று பதில் வந்தது. நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் போனேன். நான் பேச்சுவாக்கில் "சும்னே" என்று தட்ட, அப்படியென்றால் என்ன என்றார். சும்மா என்றேன். அதற்குப் பிறகு அவர் "சும்னே லா" என்று எழுதத் தொடங்கினார். என் கன்னடமும் அவர் மலாயும் சேர்ந்த அந்த இரண்டு சொல்லை உலகத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பேசினோம். என்னைப் பார்க்கவே முடியாத ஒரு திரைக்கு முன் உட்காருவதற்கு நான் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போனேன். இதையும் மகன் நீக்கச் சொல்வான். நீக்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்: "சார், செவ்வாய்க்கிழமை நீங்க வேற ஆள் மாதிரி இருக்கீங்க. மேடையில பேசற மாதிரி ஜோக் வருது. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

நான் ஒருவன்தான், எப்போதும் தனியாகத்தான் வருகிறேன் என்று தட்டினேன். உண்மையைச் சொன்னால் போய்விடுவார் என்று பயம். நண்பர்களிடமும் வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூவரும் உட்கார்ந்திருந்தபோது அவரிடமிருந்து வந்த வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். "இன்னையோட அவர் போய் ஏழு வருஷம். அவருக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படையல் போட்டேன். தனியா உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருத்தர்கூட போன் பண்ணலை. உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு இருந்தது."

"என்ன சொல்றாங்க?" என்றார் ரயில்வேக்காரர்.

முழுவதையும் படித்தால் "உங்ககிட்ட மட்டும்" என்பதையும் படிக்க வேண்டும். நான் படித்தது இவ்வளவுதான்: "நிறைய சமைச்சாங்களாம். தனியா உட்கார்ந்து சாப்பிட்டாங்களாம்."

"நல்லதாப் போச்சு, பங்கு கேக்க ஆளில்லை. மிச்சம் இருந்தா மைசூருக்கு ஒரு பார்சல் அனுப்பச் சொல்லு."

அதை அப்படியே தட்டினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. என்டரையும் அழுத்தினேன்.

ஒரே வரியில் பதில் வந்தது: "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைங்கிறதை மறந்துட்டேன் சார்."

வெள்ளிக்கிழமை போய் எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று பேர், ஒரே பெயர், அவருடைய வரிகளை நான் பாதியாக வெட்டிப் படித்தது, எனக்கு அவரைப் பிடித்திருப்பது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம். "கூட யாரோ இருக்காங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் கேட்டப்ப சொல்லியிருந்தா நானும் சேர்ந்து சிரிச்சிருப்பேன் சார். மத்த ரெண்டு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்க," என்று எழுதிவிட்டு வெளியேறினார்.

வணக்கத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நடந்ததையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சென்டருக்குள் நுழையாமல் வாசலிலேயே இருவரையும் நிறுத்திச் சொன்னேன்.

வங்கிக்காரர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "முழுசாப் படிச்சிருந்தா நாங்க ரெண்டு பேரும் எழுந்து வெளியே போயிருப்போமே, மேஷ்ட்ரே?"

ரயில்வேக்காரருக்குத்தான் கோபம். "புருஷனுக்குப் படையல் போட்டவகிட்ட என்னைப் பார்சல் கேக்க வச்சுட்டியே. ஒருத்தியைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல வெக்கம், அவகிட்டப் பொய் சொல்ல மட்டும் வெக்கமில்லையா உனக்கு? அறுபது வயசாச்சுல்ல?"

"அறுபதுதான். பிடிச்சிருந்தது. போய் அக்ரஹாரம் பூரா சொல்லு, போ."

அவர் சொன்னார். காபிப்பொடிக் கடையில் "ஏன் சார், பினாங்குக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். கோயிலில் இரண்டு மாமிகள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மகன் போனில், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்றான். எதற்கு என்பதை அவனுக்கு விளக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். மூன்று வாரத்தில் ஊருக்குச் சிரித்து அலுத்துவிட்டது. நான் அத்தனை பயந்தது இந்த மூன்று வாரச் சிரிப்புக்குத்தான்.

அந்த அம்மாள் அந்தச் சாட் அறைக்குத் திரும்ப வரவில்லை.