நான் எடுத்து வந்த கிறிஸ்துமஸ் கேக்

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இன்னொரு வீட்டாரின் கேக்கை நான் எடுத்து வந்துவிட்டேன். அது கைத்தவறு. எங்களுடையது அல்ல என்று தெரிந்த பிறகும் அதைத் தின்றேன். அதற்கான பழி ஒரு ரொட்டிக்கடைக்காரர் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவை இரண்டும் கைத்தவறுகள் அல்ல.

அந்த ரொட்டிக்கடைக்காரர் இளம் வயதில் பட்டாளத்துக் கிடங்கில் வேலை பார்த்தவர். மாவு மூட்டைகளை வெளியே விற்றதற்காகச் சிறைக்குப் போனார். அங்கே வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ரொட்டி சுடும் வேலை கிடைத்தது. திருடிய மாவை என்ன செய்வதென்று சர்க்காரே கற்றுக்கொடுத்து அனுப்பியது என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அவர் வெளியே வந்திருந்த சமயம், எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தில் ஒரு விவாதம் நடந்தது. சிறை சென்றவர்கள் வியாபாரம் செய்ய இடம் கொடுக்கலாமா என்பது பொருள். நான் அப்போது மிஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். கொடுக்கலாம் என்ற பக்கத்தில் பேசினேன். எதிர்த்தரப்பில் ஒருவர் நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்டார். தண்டனை அனுபவித்தவன் கணக்குத் தீர்ந்தவன், பிடிபடாத நம்மில் பலருக்குக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று பதில் சொன்னேன். பலத்த கைதட்டல். அந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போய், பிறகு கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை சிறையிலிருந்து வந்த அந்த மனிதர் என் வீட்டு வாசலில் நின்றார். எங்கள் சபைக்குப் பக்கத்தில், காக்ஸ் டவுனில் ஒரு கடை காலியாக இருந்தது. கட்டடத்துக்காரர் எங்கள் சபைக் கமிட்டியில் இருந்தவர்; மதிப்புள்ள ஒருவர் பொறுப்பேற்றால்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டாராம். மேடையில் பேசியதை வாசலில் மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொறுப்பேற்றேன். கடை நன்றாகவே நடந்தது. அவருடைய ரொட்டியை என் நல்ல குணத்துக்குச் சாட்சியாகத் தினமும் காலையில் தின்றுவந்தேன்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வீட்டிலேயே மாவு கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, ரொட்டிக்கடைக்குச் சுமந்துபோய் அங்குள்ள அடுப்பில் சுட்டு வாங்குவோம். கடைக்காரன் கிஸ்மிஸைப் பொறுக்கிவிடுவான் என்ற பயத்தில் பெண்கள் அடுப்பருகே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெயர் எழுதிய காகிதம் சூட்டில் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் மாவின் மேல் முந்திரிப் பருப்பைத் தங்கள் அடையாளமாகப் பதிப்பார்கள். எங்கள் வீட்டு அடையாளம் சிலுவை. கிறிஸ்தவர்கள் நிறைந்த தெருவில், கிறிஸ்துமஸ் சமயத்தில், சிலுவை எப்படி அடையாளமாகும் என்று நாங்கள் யோசித்ததில்லை.

அன்று மாலை கேக்கை வாங்க நானே போனேன். கடையில் கூட்டம் நெரிந்தது. சிலுவை பதித்த ஒரு தட்டை எடுத்தேன். கடைக்காரர் தயங்கி, "வாத்தியாரய்யா, உங்களுது அந்த மூலையில இருக்குதுன்னு நெனைக்கிறேன்" என்றார்.

"எங்க வீட்டுச் சிலுவை எனக்குத் தெரியாதாப்பா?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுக்கப் போனார். சிறையிலிருந்து வந்தவர் ஒரு வாத்தியாரிடம் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

இரவு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வந்த பிள்ளைகளுக்காக என் மனைவி கேக்கை வெட்டினாள். குப்பென்று ரம் வாசனை. நான் மதுவிலக்குச் சங்கத்து உறுப்பினன். உள்ளே செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் வாதுமையுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் போட்ட கிஸ்மிஸோ தேடினால்தான் கிடைக்கும்.

"இது நம்மளுது இல்லைங்க. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

வெட்டிய கேக்கை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு ஒரு துண்டு தின்று பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன், மிக நன்றாக இருந்தது. இன்னொரு துண்டும் கேட்டேன்.

அந்தக் கேக் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுக்கு உரியது. அவர் மனைவி அந்த வருஷம் தானே காவல் இருக்காமல் வேலைக்காரியிடம் மாவைக் கொடுத்தனுப்பியிருந்தார். அவருக்குப் போய்ச் சேர்ந்தது எங்கள் ஏழைக் கேக். பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் அவர் குரல்தான் கேட்டது. "பழத்தையும் பொறுக்கிட்டான், ரம்மையும் குடிச்சிட்டான். ஜெயில் புத்தி எங்க போகும்?"

கலந்த மாவிலிருந்து ரம்மை மட்டும் எப்படி எடுத்துக் குடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறை சென்றவனுக்கு அதுவும் கைவரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கட்டடத்துக்காரர் எங்கள் இருவரையும் அழைத்து விசாரித்தார். தட்டு மாறியிருக்கும் என்றார் கடைக்காரர்.

"யாரோடது கூட மாறிச்சு? பேரைச் சொல்லு" என்றார் கட்டடத்துக்காரர்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். தனக்காகப் பொறுப்பேற்ற ஒரே மனிதனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவர் எந்தக் கடையை நடத்துவது? "தெரியலைங்க" என்றார்.

கட்டடத்துக்காரர் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். "நல்லவன்னு நம்பித்தான் பொறுப்பேத்தேன். ஏமாந்துட்டேனோ என்னவோ" என்றேன். நேரடியாகப் பொய் சொல்லவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். பொங்கலுக்கு முன்பே கடை மூடப்பட்டது. அவர் எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பிளாக்பள்ளி மார்க்கெட் பக்கம் போனபோது, ஒரு பெரிய ரொட்டிக்கடையின் உள்ளே அவரைக் கண்டேன். தலை நரைத்து, கையெல்லாம் மாவாக, தட்டுகளை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரியாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. போதகரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் சபையின் முன் நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனிதர் இப்போது இன்ன கடையில் வேலை செய்கிறார், எல்லாரும் அங்கே போய் ரொட்டி வாங்குங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கல்லடிக்குத் தயாராகப் போயிருந்தேன். கிடைத்தது கைகுலுக்கல். என்ன தாழ்மை என்றார்கள். ரயில்வேக்காரரின் மனைவி தடியூன்றி வந்து, "ரம் அளவா இருந்துச்சா வாத்தியாரே?" என்று விசாரித்தார். அடுத்த தேர்தலில், உண்மை பேசுகிற ஆள் என்று என்னையே சபைக்குப் பொருளாளராக்கினார்கள்.

சபையார் நான் கேட்டுக்கொண்டபடியே அந்தக் கடைக்கும் போனார்கள். ஜெயிலுக்குப் போன அந்த நல்ல மனுஷன் இவர்தானா என்று முதலாளியிடமே கேட்டார்கள். முதலாளிக்கு அதுவரை எதுவும் தெரியாது. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டு, லிங்கராஜபுரத்தில் அவர் குடியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. பாய் போட்டு உட்காரச் சொன்னார்.

"நல்ல மனசோடதான் செஞ்சீங்க. இத்தனை வருஷம் அங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப பழி போச்சு. கூடவே பொழப்பும் போச்சு."

அவர் பெயரில் ஒரு கடை வைத்துத் தருகிறேன் என்றேன்.

"எம் பேரு வேணாங்கய்யா. போர்டுல உங்க பேரையே போடுங்க. திருடினதைச் சர்ச்சுலயே சொன்னவரு நீங்க, ஜனங்க நம்புவாங்க."

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்படியே செய்தோம். நான் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பின்னால் அடுப்போடு இருக்கிறார். வியாபாரத்துக்குக் குறைவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்று இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தேன். நடக்கிற கடையைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸ் வந்தால் பெண்கள் மாவுத் தட்டுகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே போய் அவரைக் காவல் காக்கிறார்கள். சுட்ட கேக்குகள் எல்லாம் என் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும். அங்கே ஒரு காவலும் கிடையாது. போன வருஷம் ஒரு பெண்ணிடம், அவர் யாருடைய கேக்கிலும் ஒருநாளும் கைவைத்ததில்லை, எடுத்தவன் நான்தான் என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும் வாத்தியாரய்யா, நீங்கதான் கோயில்லயே சொன்னீங்களே" என்றாள், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "இருந்தாலும் ஒரு கண்ணு வெச்சுக்கிட்டா தப்பில்லையே."

அது அவர் காதிலும் விழுந்தது. அடுப்பின் வாய் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் விலகி நின்றுகொண்டார்.