கருப்பையைத் தாண்டிக் கேட்டவர்

டாக்டர் மரகதவல்லி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது, மந்தாரக்குப்பம் கிளினிக்கில் அன்றைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செய்தியைச் சொன்ன பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

பதினொரு ஆண்டுகள் அவரிடம் நர்ஸாக இருந்தேன். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவர் விசாரிக்கும் விதம் தெரியும். மாதவிலக்குக் கோளாறு என்று போனால் தூக்கத்தைப் பற்றிக் கேட்பார். "கருப்பை தானா எதுவும் பண்ணாது. மேலேருந்து உத்தரவு வரணும்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்த செல்வியை என்னால் மறக்க முடியாது. திருமணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. ஒரு வருடமாக மாதவிலக்கும் நின்றிருந்தது. கை நிறைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். எல்லாம் கருப்பையைப் பார்த்தவை, ஒன்றிலும் குறையில்லை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் அவள் கணவர் குமார் வாசலிலேயே நின்றார். டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"எங்கம்மா வேற பொண்ணு பாத்துகினு இருக்காங்க. நான் வேணாங்கறேன். ஆனா இவளுக்கே என்னைப் புடிக்கலீங்க. கிட்ட போனாலே ஒதுங்கிடறா."

செல்வி தலை நிமிரவில்லை. "புடிக்காம இல்லீங்க. ஆசைதான் வரல. ஏன்னு எனக்கே தெரியல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். தலைவலி உண்டா? உண்டு. மார்பில் பால் கசிகிறதா? யாரிடமும் சொல்லாததை இவர் கேட்டதும் செல்வி திடுக்கிட்டாள். "எங்கயாவது இடிச்சுக்கிறியா?" இரண்டு தோள்களிலும் கதவு நிலை இடித்த கன்றல். டாக்டர் அவள் முகத்துக்கு இரு பக்கமும் கைகளை விரித்து, "எந்த விரல் ஆடுது?" என்றார்.

"விரலே தெரியலீங்களே."

புதுச்சேரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி, புற்றுநோய் அல்ல. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை அது அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. மடியில் பிள்ளை இருப்பதுபோல் எண்ணிக்கொண்டு, சினைப்பைக்குப் போகும் உத்தரவை மூளை அடக்கிவிட்டது. விலக்கும் ஆசையும் சேர்ந்து நின்றது அதனால்தான். கட்டி பார்வை நரம்பையும் அழுத்தியிருந்தது.

டாக்டர் இதை விளக்கியதும் குமார் மனைவியைப் பார்த்து, "அப்ப எம்மேல கோவம் இல்லியா?" என்றார்.

"இல்லன்னுதான சொல்லிகினே இருந்தேன்" என்று அவள் அழுதாள்.

கட்டி சுருங்க வாரம் இரண்டு மாத்திரைதான். முதலில் பக்கப் பார்வை திரும்பியது. நான்காம் மாதம் விலக்கு வந்தது. அதைச் சொல்ல வந்தவளிடம் டாக்டர், "ஆசை எப்ப வந்துச்சு? அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். செல்வி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "முன்னாடிதாங்க." டாக்டர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். "இத எந்த லேபும் சொல்லாது" என்றார் என்னிடம். செல்வியின் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள்.

போன வாரம் ஒரு தாய் பிளஸ் டூ படிக்கும் மகளை அழைத்துவந்தார். நான்கு மாதமாக விலக்கு இல்லை. கருப்பையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். மரகதவல்லியின் இடத்துக்குப் புதிய டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. சாப்பாடு குறைந்தாலும் மேலேயிருந்து வரும் உத்தரவு நின்றுவிடும் என்பார் டாக்டர். சட்டை தொளதொளவென்று தொங்கிய அந்தப் பெண்ணிடம், "காலையில என்ன சாப்ட்டம்மா?" என்று கேட்டேன். அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்ல வந்தார், கையமர்த்தினேன். கேட்டுவிட்டு, உரியவர் வாய் திறக்கும்வரை பேசாமலிருப்பது. டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க."