தேன்சிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்

பறவை பார்ப்பது தியானம் என்று ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போகும் எங்கள் குழுவில் விதி ஒன்றுதான்: பார், தலையிடாதே. பாம்பு முட்டையைத் தின்றாலும் கை கட்டி நில். அலுவலகத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழும் எனக்கு அந்த விதி பிடித்துப்போனது. மனம் பக்குவப்பட்டுவிட்டதாகவே நம்பினேன்.

ஈஜிபுராவில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில், கேபிள் ஒயரில் படர்ந்த மணிபிளான்ட்டில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. அன்றிலிருந்து என் மனைவி அங்கே துணி காயப்போடவில்லை. கதவைக்கூட ஓசைப்படாமல் திறந்தாள். விதியெல்லாம் அவளுக்குத் தெரியாது. குஞ்சுகள் பிழைத்துப் பறந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் படம் வேண்டியிருந்தது. கூட்டின் வாயை இரண்டு இலைகள் மறைத்தன. வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு புதன்கிழமை, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். வெளிச்சம் நேராக விழுந்தது. வாய் பிளந்த குஞ்சுகள் இரண்டும் பளிச்சென்று கிடைத்தன. குழுவில் போட்டேன், பாராட்டு குவிந்தது.

மறுநாள் காலை காக்கா வந்தது.

"என்னங்க, காக்கா வந்துடுச்சு. தொரத்துங்க" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் கேமராவோடு நின்றிருந்தேன். கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் பறந்திருக்கும். தட்டவில்லை. அவள் துடைப்பத்தோடு ஓடி வருவதற்குள் அது ஒன்றை விழுங்கி, இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"அது காக்காவோட சாப்பாடு. நாம நடுவுல போகக் கூடாது" என்றேன், பெரிய ஞானி மாதிரி.

அவள் கிழிந்து தொங்கிய கூட்டைப் பார்த்தாள். பக்கத்தில் வெட்டுப்பட்டிருந்த காம்புகளைத் தொட்டாள்.

"எலைய வெட்டும்போது மட்டும் நடுவுல போலாமா?"

படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். வெட்கமாக இருந்தது. ஆனால் காக்கா கவ்விய படம் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது. அதுதான் உண்மை.

தாய்ச்சிட்டு மாலைவரை அலகில் பூச்சியோடு வந்துகொண்டே இருந்தது. கிழிந்த கூட்டுக்குள் தலையை விடும், எடுக்கும், மறுபடி விடும். அவள் பால்கனித் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் படம் எடுத்துட்டீங்களா?" என்று என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

எடுத்திருந்தேன்.