கிரகோரி அயர்ன் போட்ட துணிகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே கிரகோரி வீட்டில் ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே துணி தொவைக்கிறது என் வேலை, அமலா. நீ அந்தப் பக்கமே வரக்கூடாது."

முப்பத்திரண்டு வருடம் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனிதர். அதுவரை சொந்தக் கைக்குட்டையைக்கூடத் துவைத்து அறியாதவர். இரண்டு வாரத்தில் ஆசை அடங்கிவிடும் என்றுதான் மனைவி அமலோற்பவம் நினைத்தாள். அடங்கவில்லை. போதாக்குறைக்கு, அவர் சும்மா இருப்பதைப் பார்த்த பங்குச் சாமியார் கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்து மடிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டார். எப்படி அயர்ன் போட வேண்டும், நீளவாக்கில் மூன்று, குறுக்கில் மூன்று என்று எப்படி மடிக்க வேண்டும் என்று ஒரு கன்னியாஸ்திரி கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து உலு திராமில் அவர்களுடைய மொட்டை மாடி இல்லாத வரிசை வீட்டில் அயர்ன் பெட்டி சூடு ஆறவே இல்லை. பனியன், தலையணை உறை, மேசை விரிப்பு, எல்லாமே மூன்றுக்கு மூன்றாக மடிந்தன.

அமலோற்பவத்துக்கு உள்ளூரப் பெருமைதான். ஐம்பத்தாறு வயதில் வேலை முடிந்து வந்தால் துவைத்த துணி அடுக்காகக் காத்திருப்பது எந்தப் பெண்ணுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? தன் வேலைக் கூடையையும் அவரிடமே தள்ளிவிட்டாள்.

அந்தக் கூடைதான் அவள் பிழைப்பு. தினமும் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாருவுக்குப் போய், அடுக்குமாடிகளில் மூன்று வீட்டுச் சமையலறைகளைச் சுத்தம் செய்கிறாள். வீட்டுக்காரர்கள் விடியுமுன்னே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார்கள். சாவி இவளிடம் இருக்கும். இப்போதைய சமையலறைகளில் எங்கே பார்த்தாலும் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி அடுப்பு, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, கை பட்டாலே ரேகை விழும் எவர்சில்வர் ஃபிரிட்ஜ். இதையெல்லாம் பளபளக்க வைக்க அவளிடம் இருந்தவை இருபத்து நான்கு மைக்ரோஃபைபர் துணிகள். கண்ணாடிக்கு நீலம், சிங்க்குக்கும் மேடைக்கும் பச்சை. ஒன்பது வருடமாக அவற்றை அவளே துவைத்தாள். கொஞ்சூண்டு சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பூத்துண்டோடு சேர்க்காமல் தனியாக, நிழலில் உலர்த்தல். அவ்வளவுதான். கூடையைக் கிரகோரியிடம் கொடுத்தபோது இதில் ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை. துணி துவைப்பதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

கூடை திரும்பி வந்தபோது துணிகள் பூ வாசம் வீசின. ஒவ்வொன்றும் மூன்றுக்கு மூன்றாக மடிந்து, புதுச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தது.

"என்னங்க இது, இதுக்குப் போயி அயர்ன் போட்டிருக்கீங்க?" என்று சிரித்தாள்.

"பீடத்துக்கு எப்படியோ, அப்படித்தான் உனக்கும்" என்றார் அவர்.

அதற்கு மேல் எந்தப் பெண் குறை சொல்வாள்? அமலோற்பவம் சொல்லவில்லை.

தவக்காலம் தொடங்கிய சமயத்தில்தான் சாந்தினியிடமிருந்து முதல் வாட்ஸ்அப் வந்தது. மூன்று வீடுகளில் சாந்தினி வீடுதான் பழையது. ஆறு வருடப் பழக்கம். அடுப்பைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி, லைட்டு போட்டா கோடு கோடா தெரியுது, பாருங்க." அமலோற்பவம் மறுநாள் இரண்டு முறை துடைத்தாள். கோடு போனது மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. குனிந்து பார்த்தால் அடுப்பின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு படலம். அலமாரிக் கதவிலும் அதே. அடுத்த வீட்டு ஃபிரிட்ஜிலும் அதே. வீட்டுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்தால், அங்கேயும் எழுத்துக்கு மேல் அதே படலம்.

"எவ்ளோ தொடச்சாலும் போக மாட்டேங்குதே" என்று ஒருநாள் சாந்தினியின் சமையலறையில் தனக்குள் முனகினாள். முனகியதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அது அவள் அக்காவின் வாக்கியம். பத்து பாகாட் ஊரில் இருக்கும் அக்காவுக்கும் இவளைப் போலவே சர்க்கரை. ஏழு வருடத்துக்கு முன்பு அக்காவும் சுத்தமான ஜன்னலைத் தேய்த்துத் தேய்த்து, எவ்ளோ தொடச்சாலும் போகல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழுக்கு ஜன்னலில் இல்லை என்று வீட்டில் புரிந்துகொள்வதற்குள் ஒரு கண் போயிருந்தது. அடுத்த வருடம் மற்றதும் போனது. இப்போது அக்கா சுவரைத் தடவித்தான் குளியலறைக்குப் போகிறாள்.

அன்றிலிருந்து அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கிரகோரியிடம் சொன்னால் மனிதர் இடிந்துபோவார் என்று பயம். சாந்தினியிடமிருந்து மூன்றாவது படம் வந்தபோது கீழே, "இந்த மாசம் பாக்கலாம், ஆன்ட்டி" என்று இருந்தது. நல்ல பெண்தான், கோபமாக எழுதவில்லை. கோபமாக எழுதியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். வேலையும் போகப்போகிறது, கண்ணும் போகப்போகிறது, எது முதலில் என்பதுதான் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். வருடா வருடம் கண்ணைப் படம் எடுக்கச் சொல்லி அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த தேதியை இரண்டு முறை தட்டிக் கழித்தவள், இந்த முறை தானாகவே போன் போட்டுக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனாள். கண்ணில் மருந்து விடுவார்கள், மோட்டார் ஓட்ட முடியாது என்று சொல்லியிருந்ததால் கிராப் வாடகைக் கார் எடுத்தாள். மோட்டார் என்ன ஆச்சு என்று கிரகோரி கேட்டதற்கு, டயரில் காற்று இல்லை என்று ஒரு பொய்.

மலாய் தாதி ஒருத்தி இவளை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தாள். இவள் திணறுவதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள், முகத்தைச் சுளித்தாள், குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்பு போட்டுக் கழுவி, டிஷ்யூவில் துடைத்துக் கொடுத்தாள். இப்போது கடைசிக்கு முந்தின வரிவரை அமலோற்பவம் படித்தாள். மாதாவே, உன் இரக்கம் என்று நினைத்தாளே தவிர, சோப்பின் இரக்கம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு மருந்து விட்டார்கள், அரை மணி நேரம் காக்க வைத்தார்கள், படம் எடுத்தார்கள்.

டாக்டர் சின்ன வயசு. திரையில் இரண்டு ஆரஞ்சு வட்டங்களைக் காட்டினார். இவளுக்கு அப்போது எல்லாமே மங்கல். வட்டமும் தெரியவில்லை, டாக்டரின் முகமும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"மாத்தா ஓகே, ஆன்ட்டி. பாகுஸ்."

கண் நல்லா இருக்கு. சர்க்கரை இன்னும் கண்ணைத் தொடவே இல்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், அடுத்த வருடம் வாருங்கள் என்றார். அமலோற்பவம் மலாயில் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டு, எழுந்து, கதவு என்று நினைத்து அலமாரியைத் திறக்கப் போனாள். தாதிதான் கையைப் பிடித்து வெளியே விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கிரகோரி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. இரண்டு மாதத்து அழுகை, நிற்கவே இல்லை. வெளிச்சம் வேறு கண்ணைக் கூசியது. கையை நீட்டி, வேலைக்குப் போகிற பாவனையில் கூடவே கொண்டுபோன கூடையிலிருந்து ஒரு துணியைத் தடவி எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

முகம் ஈரமாகவே இருந்தது. மறுபடி துடைத்தாள். கண்ணீர் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனதே ஒழிய, துணிக்குள் போகவில்லை.

அழுகை பாதியில் நின்றது. கண் தெரியாத அந்த நேரத்தில் விரலால்தான் பார்க்க முடிந்தது. ஒன்பது வருடம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்கள் அவளுக்கு. நல்ல மைக்ரோஃபைபர் என்றால் அந்த வெடிப்புகளில் சுருக் சுருக்கென்று மாட்டும். அந்தக் கூச்சம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இந்தத் துணி மாட்டவில்லை. பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அடுத்ததை எடுத்தாள், அதுவும் வழுக்கியது. அடுத்ததும். கடைசியாகக் கழுத்தில் தொங்கிய மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். தினமும் இதே துணியால் துடைத்த கண்ணாடி.

"என்னங்க," என்று கூப்பிட்டாள், "இந்தத் துணிய எப்படித் தொவைக்கிறீங்கன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

கிரகோரிக்குக் குஷி. இந்த நேரத்தில் இவள் ஏன் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்கக்கூட மறந்துவிட்டார். மிஷினில் தூளை எங்கே போட வேண்டும், சாஃப்ட்னரை எங்கே ஊற்ற வேண்டும் என்று காட்டினார். "எல்லாரும் ஒரு மூடிதான் ஊத்துவாங்க. நான் மூணு." பிறகு அயர்ன் பெட்டி. "சூடு ஃபுல்லு வச்சிடணும். கையால அழுத்தி, இப்படி." பிறகு மூன்று, பிறகு மூன்று. மடித்த துணியைப் புறங்கையால் ஒரு தட்டு தட்டி அவள் மடியில் வைத்தார்.

அமலோற்பவம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னா சிரிப்பு?" அவருக்கு முகம் சுண்டிப்போனது. "நல்லா இல்லையா?"

"கண்ணு போச்சுன்னு நெனச்சேங்க. ரெண்டு மாசமா. இப்ப கிளினிக்குப் போயிட்டு வரேன்."

கிரகோரி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன சொன்னாங்க?"

"படம் எடுத்துப் பாத்துட்டாங்க. ரெண்டு கண்ணும் கிளியர். எங்கண்ணுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் இந்தத் துணிலதான். சாஃப்ட்னர் ஊத்தினா இது தண்ணி குடிக்காது, எண்ணெ மாதிரி பூசிவிட்டுரும். அயர்ன் போட்டா நூலே உருகிரும். இது பருத்தி இல்லங்க, பிளாஸ்டிக்கு."

மேடைமேல் ஒரு துணியை விரித்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது. அவர் விரலால் ஒரு முத்தைத் தொட்டு உருட்டிப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, துணிக் கூடைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும் அமலா. நீ கண்ணாடியக் கழட்டித் தொடச்சுத் தொடச்சுப் போடறத பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்கக்காவும் இப்படித்தானே ஆரம்பிச்சாங்க. கேக்கவே பயமா இருந்துச்சு. உனக்குச் சரியாவுற வரைக்கும் தே தாரிக் தொடறதில்லன்னு, கண்ணு நோய் தீக்கிற புனித லூசியம்மாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

ஆர்டர் கொடுக்காமலே அந்த நுரை பொங்க ஆற்றிய பால்டீ மேசைக்கு வரும் அளவுக்குக் கடைக்காரரோடு பழகிய மனிதர், இரண்டு மாதமாக வெறும் வெந்நீர் குடித்தது இவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சர்க்கரைக்குப் பயந்து நிறுத்தியிருக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"அதான் இன்னும் நல்லா அழுத்தித் தேச்சேன்" என்றார் கிரகோரி. "மொதல்ல ஒரு மூடிதான் ஊத்தினேன். உனக்குக் கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சப்புறம் மூணாக்கினேன். துணி மெத்துன்னு இருந்தா உனக்குச் சிரமம் இருக்காதுன்னு."

அவர் பயப்படப் பயப்பட சாஃப்ட்னர் கூடியது; சாஃப்ட்னர் கூடக் கூடப் படலம் கூடியது; படலத்தைப் பார்த்து இவள் கண்ணாடியைத் துடைக்க, அதைப் பார்த்து அவர் இன்னும் பயந்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பில் வாயைத் திறக்காமல் இருந்து தொலைத்தார்கள். அமலோற்பவம் அவர் தலையில் கை வைத்தாள். இருபது வருடமாக அப்படி வைத்ததில்லை.

இருபத்து நான்கில், கூடையின் அடியில் உபரியாகக் கிடந்து அன்றுதான் முதல்முறையாக அவர் கையில் துவைபட்ட ஆறு துணிகள், அயர்ன் பெட்டிக்குத் தப்பிக் கொடியில் தொங்கின. அன்று மாலையே அவற்றை வெந்நீரில் மூன்று தண்ணீர் அலசினாள். கடைசித் தண்ணீரில் அரைக் கோப்பை வினிகர் விட்டாள். நிழலில் காய்ந்ததும் விரலால் தடவினாள். சுருக்கென்று மாட்டியது. அந்தக் கூச்சம் அவளுக்கு இவ்வளவு இனிக்கும் என்று யார் நினைத்தார்கள்! நூல் உருகிப்போன பதினெட்டும் மோட்டார் துடைக்கப் போயின. கிரகோரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், 'அமலா துணி: ஒன்றும் போடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி மிஷின் மேல் ஒட்டினார். அயர்ன் பெட்டி பீடத்துணிக்கே திரும்பிப் போனது.

திங்கட்கிழமை சாந்தினியின் அடுப்பைத் துடைத்துவிட்டு அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் காதோர நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நரையைப் பார்த்து ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த அடுக்குமாடியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் மோட்டாரில் டீக்கடைக்குப் போனார்கள். கிரகோரிக்கு நுரை தளும்பத் தே தாரிக் வந்தது. இவளுக்குப் பாலும் சீனியும் போடாத தேநீர். அவர் முதல் வாய் குடித்துக் கண்ணை மூடியபோது இவள் போன் சிணுங்கியது.

"யாரு?"

"சாந்தினி."

"என்னா போட்டிருக்கு? படிச்சுக் காட்டு."

அமலோற்பவம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "'ஆன்ட்டி, இன்னிக்கு என்னா போட்டுத் தொடச்சீங்க? அடுப்புல என் மூஞ்சி தெரியுது. அடுத்த மாசமும் நீங்கதான் வரணும்.'" பிறகு போனை வாயருகே வைத்துப் பதில் சொன்னாள்: "ஒண்ணுமே போடலமா."

கிரகோரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ படி."

"ஏன், காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. நீ படிக்கிறத கேக்கணும்."

அமலோற்பவம் போனைத் தூரமாகவும் பிடிக்கவில்லை, கிட்டேயும் பிடிக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து நிறுத்தி நிதானமாக மறுபடி படித்தாள்.