தேதி வாரியாக அடுக்கிய பவர் சீட்டுகள்

போன வெள்ளிக்கிழமை ஒருவருக்கு உதவி செய்தேன். அந்த உதவியைச் சரிசெய்ய இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ரஹீம் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். கட்டடத்தை இடித்து ஃபிளாட் வரப்போகிறது. பாய் கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டுக்குப் போகிறார். ஃபிரேம்களை ஒரு மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம்... இரண்டு ஷூ பெட்டி நிறையப் பவர் சீட்டுகள். யாருக்கு என்ன பவர், என்றைக்கு மாறியது - எல்லாம் அவர் கையெழுத்தில்.

அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட மாட்டாராம். அவரவர் கையில் கொடுத்த பிறகுதான் ஷட்டரை இறக்குவாராம்.

நானோ, வாட்டர் ஃபில்டர் மாற்றிய நாளைக்கூட டைரியில் குறிப்பவன். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பாய் தொழுகைக்குப் போனார். பெட்டியைத் திறந்தால், சீட்டுகள் தேதி முன்பின்னாகக் கிடந்தன. சும்மா இருக்க முடியுமா? அவர் தொழுது, சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அத்தனையையும் தேதி வாரியாக அடுக்கிவிட்டேன்.

பாய் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தெருத்தெருவா வச்சிருந்தேனே சார்..."

சீட்டில் பெயர் உண்டு, தேதி உண்டு, பவர் உண்டு. விலாசம் கிடையாது. பெட்டிக்குள் சீட்டு இருந்த இடம்தான் விலாசம். இப்போது ஏழெட்டு லட்சுமிகள் - எந்த லட்சுமி எந்த வீடு?

பாய் திட்டவில்லை. ஒரு சீட்டை எடுத்து, எண்களை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வலது கண்ணு மைனஸ் ஏழு. இது ஸ்டேஷன் பக்கம் டியூஷன் எடுக்குற லட்சுமி அக்கா. எழுதிக்கங்க சார்."

எழுதினேன். முகம் மறந்துபோன பலரின் கண்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. சிலதில் மட்டும் மாட்டிக்கொண்டார்.

"ப்ளஸ் ஒண்ணரை... இதை ஊரே போடுது சார். நடந்துதான் கேக்கணும்."

நடக்கிறோம், தினமும் மாலை ஐந்து மணிக்கு. நேற்று அந்த லட்சுமி டீச்சர், இனிமேல் யாரிடம் போவது என்று கேட்டு வாசலை விட்டு நகராமல் நின்றார். பாய் சீட்டை நீட்டினார்.

"எந்தக் கடைக்குப் போனாலும் இதை முதல்ல காட்டுங்கக்கா. உங்க கண்ணு எப்பெப்போ எப்படி மாறுச்சுன்னு இதுல இருக்கு."

இன்னும் ஒரு பெட்டி பாக்கி. கைவசம் ஒன்பது நாள். முடித்துவிடுவோம்.

என் சீட்டும் வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தேதி வரிசையில் வைக்கவில்லை - மனைவியின் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.