நவம்பர்காரரின் நாலு நாள்

தீவுக்குப் போகும் படகுத்துறையில், விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருந்தவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘நவம்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் வேறு ஏதோ பெயர் இருந்தது.

“தீவுக்குப் போக எந்த மாசம் சார் நல்லது?” என்று ஒரு நாளைக்கு நாற்பது பேராவது கேட்பார்கள். வேறொருவராக இருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருப்பார். இவருக்கு மனசு ஒப்பாது. வேலைக்குச் சேர்ந்த வருடமே பெரிய அட்டை ஒன்றில் வருடத்தின் எல்லா நாட்களுக்கும் கட்டம் போட்டு, கலர் பென்சிலால் தீட்டி, ஜன்னலுக்கு உள்பக்கம் மாட்டிவிட்டார். மழைக்கு நீலம், வெயிலுக்கு மஞ்சள், மற்ற தொல்லைகளுக்குச் சிவப்பு, உருப்படியான நாட்களுக்குப் பச்சை. அப்போது அட்டையில் ஐந்து மாதம் பச்சைப் பசேலென்று இருந்தது.

திரும்பி வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கும் பழக்கம்தான் அதைக் கெடுத்தது. பிப்ரவரியில் போன ஒருவர், ஜெல்லி மீன் பட்டுத் தடித்த காலைத் தூக்கிக் காட்டினார். பிப்ரவரி சிவப்பானது. மார்ச்சில் போன புதுமணத் தம்பதி, அறையெல்லாம் எறும்பு என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் முகத்துக்கும் எறும்புக்கும் சம்பந்தமே இல்லை, படகிலேயே சண்டை என்று பிற்பாடு தெரியவந்தும் அவர் மார்ச்சை மன்னிக்கவில்லை. டிசம்பரும் ஜனவரியும் கூட்டத்தில் போயின. இப்படித் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் நவம்பர் பதினான்கு முதல் பதினேழு வரை நாலே நாலு கட்டம் பச்சையாக மிஞ்சியது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த நாலு நாளைத்தான் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுப்பார்.

இவ்வளவு கண்டுபிடித்தவர் தீவில் கால் வைத்ததில்லை.

அவருடைய மனைவி நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸும் பைண்டிங்கும் செய்யும் கடை வைத்திருந்தாள். வக்கீல்கள் அவசரப்படுத்துகிற இடம் என்பதால் எதையும் சட்டுபுட்டென்று முடிக்கிற கை. கல்யாணமான வாரமே தீவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அவளிடம் அவர் சொல்லியிருந்தார். முதல் வருடம் மழை விடவில்லை. அடுத்த வருடம் வயிற்றில் பிள்ளை. பிறகு மகளுக்குப் பல் முளைத்தது, அம்மை போட்டது, பரீட்சை வந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊர் போனபின் எந்தத் தடையும் இல்லை என்றால், அந்த நாலு நாளில்தான் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். “அடுத்த நவம்பர்” என்பார் அவர். அவள் பசையைத் தடவிக்கொண்டே “சரிங்க” என்பாள்.

அந்த ஆகஸ்டில் கடை இருந்த கட்டடத்தில் வயரிங் மாற்றுவதற்காக இரண்டு வாரம் கரண்டை நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் காலை, விசாரணை ஜன்னலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

“தீவுக்குப் போக எந்த மாசம் சார் நல்லது?”

“நவம்பர் பதினாலுல இருந்து பதினேழு வரைக்கும்” என்று அவர் தலை நிமிராமலே சொன்னார்.

“அப்படியா. நான் பத்தரை மணிப் படகுக்கு டிக்கெட் எடுத்துட்டேனே.”

குரலைக் கேட்டு நிமிர்ந்தார். கையில் பையும் தோளில் மழைக்கோட்டுமாக மனைவி நின்றிருந்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். பிறகு அட்டையில் ஆகஸ்டைக் காட்டினார். முழு நீலம். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே அதைப் பார்த்து, கலர் நன்றாக இருக்கிறது என்றாள். பின்னால் நின்ற ஆள், பேசி முடித்துவிட்டால் கொஞ்சம் நகருங்கள் என்றார். அவளும் நகர்ந்து, படகில் ஏறிவிட்டாள்.

மறுநாள் கடல் பொங்கியது. படகுகளை நிறுத்திவிட்டார்கள்.

அவர் பட்ட பாட்டைப் பக்கத்துக் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் அம்மாள் பின்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். காலையில் இரண்டு காலிலும் வெவ்வேறு செருப்போடு வந்தாராம். எந்த மாதம் நல்லது என்று கேட்ட ஒரு குடும்பத்திடம், “போகாதீங்க, போனவங்க திரும்பல” என்று சொல்லிவிட, அந்த வீட்டுக் குழந்தை அழுதுவிட்டதாம். ஆனால் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். மூன்று நாள் தீவுக்கு போன் கிடைக்கவில்லை. அந்த மூன்று நாளும் வீட்டில் முட்டையைத் தவிர வேறெதுவும் அவருக்குச் சமைக்க வரவில்லை. அதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

நாலாம் நாள் அவளே கூப்பிட்டாள். சௌக்கியமா என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். லாட்ஜில் அவள் ஒருத்திதான் விருந்தாளி. லாட்ஜ்காரம்மாவும் அவளும் சேர்ந்து சமைக்கிறார்கள், மத்தியானம் சீட்டு ஆடுகிறார்கள். பாறையிலிருந்தெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் கருத்து எழுதும் நோட்டு தையல் விட்டுப் பிரிந்து கிடந்ததால், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஊசி நூல் வாங்கி அதை பைண்டிங் செய்துகொண்டிருக்கிறாள்.

“அதுல உங்களப் பத்திகூட எழுதியிருக்காங்க.”

“என்னைப் பத்தியா?”

“படிக்கிறேன், கேளுங்க. ‘நவம்பர் பதினஞ்சு. விசாரணை ஜன்னல்ல ஒருத்தர் பேச்சக் கேட்டு வந்தோம். வராந்தாவுல படுத்தோம். குளிக்க மூணு மணி நேரம் கியூ.’ இன்னொண்ணு. ‘அதே ஜன்னல், அதே ஆள், அதே கூட்டம்.’ இப்படி முப்பத்தேழு இருக்கு. நான் எண்ணிட்டேன்.”

பிறகு லாட்ஜ்காரம்மா போனை வாங்கிப் பேசினாள். அந்த நாலு நாள் மட்டும் ஏன் படகு படகாக ஆள் வந்து இறங்குகிறது என்று தீவே பல வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டதாம். இதற்கு முன்னால் ஜனவரியில் ஒரு வாரம் இதே கதை, அதற்கும் முன்னால் டிசம்பரில். அவர் போனை வைத்துவிட்டு அட்டையை வெகுநேரம் பார்த்தார். பச்சை தீட்டிய இடத்துக்கெல்லாம் அவரே ஆளை அனுப்பி, கூட்டம் என்று அவரே சிவப்பும் தீட்டியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் காற்று கொஞ்சம் தணிந்தது. முதலில் சரக்குப் படகை மட்டும் விட்டார்கள். மேலாளரிடம் அவர் இரண்டு நாள் லீவு கேட்டார். எங்கே என்று கேட்டவர், பதிலைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெங்காய மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே நாலு மணி நேரம் உட்கார்ந்து, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய் இறங்கினார். அவள் குடையோடு நின்றிருந்தாள்.

“தனியா விட்டுட்டேன்” என்றார்.

“தனியா எங்க இருந்தேன். நீங்கதான் தனியா இருந்தீங்க” என்று அவர் கையைப் பிடித்துச் சேற்றைத் தாண்டவைத்தாள்.

இரண்டு நாளும் மழை விடவில்லை. பார்க்க வேண்டிய இடம் என்று அவர் வாயால் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பிய மலைமுனை மேகத்துக்குள் இருந்தது. வழுக்கி விழுந்து எழுந்தார். சீட்டில் இரண்டு பெண்களிடமும் தொடர்ந்து தோற்றார். சாயங்காலங்களில் வராந்தாவில் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு, கடல் தெரிய வேண்டிய திசையில் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவளோடு பேசாமல் விட்டதையெல்லாம் அங்கே பேசினார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் முதல் நாள் அவர் தூங்கிவிட்டார். இரண்டாம் நாள்தான் பேசினார், அதுவும் பெரும்பாலும் மகளைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியபின், எந்த மாதம் நல்லது என்று கேட்டவர்களிடம், “உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப போங்க” என்று சொல்லிப் பார்த்தார். யாருக்கும் திருப்தியில்லை, தேதி சொல்லத்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மேலாளரிடம் போனார்கள். சரி என்று வேறு வழிக்கு வந்தார். முதல் ஆளுக்கு ஜனவரி, அடுத்தவருக்கு மார்ச், கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண்களுக்கு ஜூலை என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தார். எதைச் சொன்னாலும் குரலில் அதே உறுதி. வந்து எதிர்த்துக் கேட்டவர்கள் குறைவு.

அடுத்த வருடம் லாட்ஜ்காரம்மாவிடமிருந்து கடைக்கு போன் வந்தது. வருடம் முழுக்க ஆள் வருகிறதாம், சந்தோஷம்தானாம், ஆனால் உட்கார நேரமில்லையாம். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரே ஒரு மாதத்தையாவது யாருக்கும் கொடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

எந்த மாதம் வேண்டும் என்று இவள் கேட்டாள்.

“ஆகஸ்ட்” என்றாள் லாட்ஜ்காரம்மா. “நீங்க ரெண்டு பேர் வந்தாப் போதும். சீட்டுக்கட்டு ஒண்ணு புதுசா வாங்கிட்டு வாங்க.”